மீடியம் சைஸ்

இருபத்து மூன்றாம் மாடிக்கு வெளியே
தொட்டில் என்றுதான் இதைச் சொல்கிறோம்.
இரண்டு கம்பி வடம், ஒரு தகரப் பெட்டி,
நானும் குல்சமானும், வாளி நிறைய சிலிகான் குழல்கள்.
கீழே ஷார்ஜாவின் காயல், கொதிக்க வைத்த பச்சையில்.

கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே
பழைய சிலிகானைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்.
உள்ளே போனால் நல்லது.
போகாவிட்டால் கத்தி.
டப்பாவில் பதினைந்து வருஷ வாரண்டி போட்டிருப்பான்.
இங்கத்து வெயில் அதைப் படிப்பதில்லை.

என்னுடையதற்குப் பதினாறு ஆகிறது.

மதுரையில், இருபத்தைந்து வயதில்,
கட்டி என்று இடப்பக்கத்தை எடுத்தார்கள்.
எடுத்த இடம் சும்மா இருக்க வேண்டாமென்று
டாக்டர் ஒரு பெட்டியைத் திறந்து நீட்டினார்:
ஸ்மால், மீடியம், லார்ஜ்.
அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
லார்ஜ் கேட்க வெட்கம்,
ஸ்மால் கேட்க அதைவிட.

செலினிடம் கல்யாணத்துக்கு முன்பே சொன்னேன்,
நாசரேத் பஸ் ஸ்டாண்டில், இரைச்சலை நம்பி.
"சரி" என்றாள். பாதி கேட்டிருக்கும்.

வலப்பக்கத்துக்கு வயதாகிறது.
பதினெட்டில் ஏசி ஓடும் அறையில் சுருங்கி மேலேறும்,
வெயிலில் தளர்ந்து இறங்கும்.
இடப்பக்கத்துக்குக் குளிரும் தெரியாது, ஆகஸ்டும் தெரியாது.
பதினோரு வருஷம் நல்ல வாடகைக்காரனாய்
சத்தமில்லாமல் இருந்தது.
பிறகு உடம்பு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பத் தொடங்கியது,
கொத்தனார் இல்லாமல், அவசரமில்லாமல்.
சுவர் இறுக இறுக அது உருண்டையாகி, கல்லாகி,
தொடை இடுக்கை நோக்கி இரண்டு விரற்கடை ஏறி
உட்கார்ந்துவிட்டது.
அங்கேதான் சேஃப்டி பெல்ட்டின் கால் வார் போகிறது.

எட்டிக் கை நீட்டும்போதெல்லாம்
என் உயிரைப் பிடித்திருக்கும் வார்
அதைப் பிடித்து நசுக்கும்.
துண்டைச் சுருட்டி வைத்துக் கட்டிக்கொள்கிறேன்.
குல்சமான் ஒருநாள் தன் துண்டையும் அவிழ்த்துத் தந்தான்.
எதற்கென்று கேட்கவில்லை.

கேம்ப்பில் வாய்க்கு வாய் அந்தப் பேச்சுதான்.
கேரம் போர்டில் சிவப்பைக் கோட்டை விட்டவனை,
ஃபோர்மேனிடம் லீவு கேட்கப் பயந்தவனை,
"உனக்கு இருக்கா, இல்லையாடா?"
நானும் சிரிப்பேன். சில நாள் நானே கேட்பேன்.
நோன்பு மாதத்தில், பந்தலில் பேரீச்சம்பழம் தின்று
கொட்டையை உள்ளங்கையில் துப்பும்போது மட்டும்
ஒரு நொடி அதன் எடையைப் பார்ப்பேன்.

விசா மெடிக்கலில் ஒவ்வொரு தடவையும்
நெஞ்சைப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள்.
ஃபிட் என்று முத்திரை.

கிளினிக்கில் எகிப்துக்காரர். பெயர் டாக்டர் வாயில்.
பலகையைப் படித்து, நல்ல சகுனமென்றே நுழைந்தேன்.
தோல் மெலிந்துவிட்டது,
ஒருநாள் தானாகவே வெளியே வரப் பார்க்கும் என்றார்.
எடுத்துவிட்டுப் புதிது வைக்கவா, வெறுமனே தைக்கவா?
பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு,
காப்பீட்டில் இது அழகுக் கணக்கில் வருகிறது.

அழகு.
நாற்பத்தோரு வயதில் முதல்முறையாக ஒருவர்
என்னை அந்தச் சொல்லோடு சேர்த்தார்.

மூன்று நாள் செலினுக்கு எழுதி எழுதி அழித்தேன்.
கடைசியில் எல்லாவற்றையும் குரலாக அனுப்பினேன்,
ஆறு நிமிஷம், பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு.
பதில் ஒன்பது விநாடி. பின்னால் குக்கர் விசில்.
"எடுத்துருங்க. புதுசெல்லாம் எதுக்கு.
அது எந்தப் பக்கம்னே எனக்கு மறந்துபோச்சு."

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதில்
விசிலும் மனப்பாடம்.
ஜூலையில் லீவு. டிக்கெட் இன்னும் விலை இறங்கவில்லை.

இன்றைக்குக் காற்று. தொட்டில் ஆடுகிறது.
பெருவிரலை வைக்கிறேன். உள்ளே போகவில்லை.
குல்சமான் கத்தியை நீட்டுகிறான்.
கீறி இழுத்தால் பழைய சிலிகான்
ஒரே நீளமாக, பாம்புச் சட்டையாய் வருகிறது.
அதன் அடியில் கண்ணாடியின் விளிம்பு,
கட்டிய நாளிலிருந்து
வெயில் படாத பச்சை.